சரளைக் குவியலுக்குச் சுண்ணாம்பு தெளித்த கதை

அளக்கிற வேலையில் இருப்பவனிடம் "எவ்வளவு வந்தது?" என்று யாரும் கேட்பதில்லை, "எதுக்கு அளக்கிறே?" என்றுதான் கேட்பார்கள். வெயிலில் சர்வே முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு அலைந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், மேற்கொண்டு படிக்காமலே என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. அசோக் நகரில் மனை மனையாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அதற்கெல்லாம் மணல் வேண்டும். சைதாப்பேட்டைப் பாலத்துக்கு மேற்கே அடையாற்றைத் தோண்டி, சல்லடையில் சலித்து, மணலை லாரியில் அனுப்பினார்கள். சல்லடையில் தங்கிய சரளைக் கல்லுக்கு மணல் அளவுக்குக் கிராக்கி இல்லை. சாலை போடுகிறவர்கள் வந்து வாங்கும்வரை அதை வடகரையில் குவித்து வைத்தார்கள். கோடையில் பார்த்தால் அந்த இடம் வெறும் பொட்டல். மழைக்காலத்தில் ஆறு அகலமாகிப் பரவுவதற்கு இருப்பது அந்தப் பொட்டல் ஒன்றுதான். அதைக் குவியல் பிடித்துக்கொண்டால் தண்ணீர் தென்கரைக்குப் போகும். தென்கரையில் ஒரு வரிசைக் குடிசைகள்.

இந்தக் குவியல்களால் குடிசைகள் பக்கம் எவ்வளவு தண்ணீர் ஏறும், எந்தக் குவியலை ஐப்பசிக்கு முன்னால் எடுத்தாக வேண்டும் என்று அளந்து சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. நான் காலேஜ் வாசல் மிதித்தவன் இல்லை. சங்கிலி இழுக்கும் கலாசியாகச் சேர்ந்து, மற்றவர்கள் டீ குடிக்கப் போகும் நேரத்தில் மட்டம் பார்க்கும் லெவல் கருவிக்குள் கண்ணை வைத்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டவன். ஆற்றைப் புரிந்துகொள்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. மற்றதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

வாசலில் நட்ட கம்பு

முதல் நாள் தென்கரையில் ஆரம்பித்தேன். குடிசைகளின் தரை எந்த மட்டத்தில் இருக்கிறது என்று தெரியாமல் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று சொல்ல முடியாது. கலாசி ஏகாம்பரம் அளவுக் கம்பை ஒரு குடிசை வாசலில் நிறுத்தினார். அவ்வளவுதான், வரிசை முழுவதும் காலியாகி எங்களைச் சுற்றி நின்றுவிட்டது. இதற்கு முன்னால் அங்கே கம்போடு வந்தவர்கள் குடிசையைப் பிரிக்க அடையாளம் வைக்க வந்தவர்களாம்.

வாசலில் நின்றவள் பெயர் பவுனம்மா. தினமும் காலையில் ஆற்றைக் குறுக்கே நடந்து தாண்டிப் போய் அதே வடகரையில் சரளை சலிப்பவள். குவியலைக் குவித்த கைகளில் அவள் கையும் உண்டு. அது தண்ணீரைத் தள்ளினால் முதலில் நனைவதும் அவள் வீடுதான். நான் நிதானமாக விளக்கினேன். வீட்டை எடுக்க வரவில்லை, சரளையை எடுக்கத்தான் வந்திருக்கிறோம் என்றேன். அவள் கம்பை மேலும் கீழும் பார்த்தாள்.

"சரளையத் தூக்கணும்னா சரளையாண்ட போய் அளக்க வேண்டியதுதானே சார். எங்க வூட்டு வாசல்ல இன்னாத்துக்குக் கம்ப நட்டுக்கினு கீற?"

மூலை இல்லாத பொருள்

ஒரு அறையை அளக்கலாம், ஒரு வயலை அளக்கலாம். சரளைக் குவியலுக்கு மூலையே கிடையாது. எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று குவியலுக்கே தெரியாது. அதனால் எங்கள் வழக்கம், குவியலின் தலையைத் தட்டையாக்கி, பக்கங்களைச் சரித்து, பெட்டி மாதிரி ஆக்கச் சொல்லி அளப்பது. அளந்ததும் அதன்மேல் சுண்ணாம்புத் தூளை வரி வரியாகத் தெளித்துவிடுவோம். அதற்குப் பிறகு மேலதிகாரி நேரில் வந்து சரிபார்க்கும்வரை யாரும் அதிலிருந்து ஒரு கூடை எடுக்கவும் கூடாது, அதன்மேல் ஒரு கூடை போடவும் கூடாது. எடுத்தால் சுண்ணாம்பு வரி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். தூறலில் கரைந்தால், வெயில் வந்து காய்ந்ததும் ஏகாம்பரம் மறுபடி தெளிப்பார். மிகவும் நல்ல வழக்கம். யார் கண்டுபிடித்தாரோ, அவரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

வடகரைக் களத்தைப் பார்த்துக்கொண்டவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவரிடம் குவியல்களைப் பெட்டி மாதிரி சீராக்கிக் கொடுக்கச் சொன்னேன். அண்ணாச்சி எனக்கு ஒரு சோடா வரவழைத்துக் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார்:

"நாங்க குமிச்சத நீங்க அளக்கணும் சார். நீங்க அளக்கதுக்குத் தோதா குமிக்கணும்னா, நாங்க யாவாரத்த எப்பம் பாக்க?"

பனி குறைந்த பக்கம்

ஒருவழியாகக் கெஞ்சி, கூத்தாடி, பெரிய குவியலைச் சீராக்க வைத்து, அளந்து, சுண்ணாம்பும் தெளித்தோம். குடிசைகளுக்கு எதிரே நேராக நின்றது அந்தப் பெரிய குவியல்தான். அது ஒன்றை எடுத்தாலே பாதித் தொல்லை தீரும் என்று எனக்குக் கணக்கு வந்திருந்தது. மறுநாள் காலை போய்ப் பார்த்தால் குவியலைச் சுற்றி இரண்டு வேன், ஒரு ஜெனரேட்டர். மேலே பட்டாளத்து உடுப்பில் ஆட்கள். கோடம்பாக்கத்திலிருந்து வந்திருக்கிறார்கள். வடக்கே எல்லையில் நடக்கிற சண்டையாம். தூரத்திலிருந்து பார்க்க எங்கள் சுண்ணாம்பு அச்சு அசலாகப் பனி மாதிரி இருந்ததாம்.

கதாநாயகனுக்குப் பதிலாக ஒருவர் மேலிருந்து உருண்டு வந்தார். சரியாக வரவில்லை என்று மறுபடி உருண்டார். ஒவ்வொரு தடவையும் குவியலின் ஒரு பக்கம் அவரோடு கீழே வந்தது. நான் ஓடிப் போய், இது அரசாங்கம் அளந்து வைத்த குவியல், மழைக்கு முன்னால் இதை எடுக்காவிட்டால் எதிரே இருக்கிற வீடுகளுக்குள் தண்ணீர் போகும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். புரொடக்‌ஷன் மானேஜர் நல்ல மனிதர். என் தோளில் கை போட்டுத் தனியாக அழைத்துப் போனார். நான் சொன்னது அவர் மனதில் பட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

"உங்களாலதான் சார் இந்த ஷாட்டே. இன்னும் ரெண்டு மூட்டை சுண்ணாம்பு கிடைக்குமா? ஹீரோயின் நிக்கிற பக்கம் பனி கம்மியா இருக்கு."

கொலு

உருண்டதை மறுபடி சீராக்கி, மறுபடி அளந்து, மறுபடி தெளித்ததில் ஆவணி போய்ப் புரட்டாசி பிறந்துவிட்டது. இனி மேலதிகாரி வந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் குவியலை எடுக்கச் சொல்லி உத்தரவு போகும். அவருக்கு மயிலாப்பூரில் வீடு. கெட்டவர் இல்லை. எந்த வேலையையும் அவசரத்தில் செய்யமாட்டார், அவ்வளவுதான். மஹாளயம் முடியட்டும் என்றார். அது முடிந்தது. நான் அவர் மேஜை எதிரில் போய் நின்றேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். நான் குடிசைகளைப் பற்றிச் சொன்னேன், வானத்தைப் பற்றிச் சொன்னேன், எதிரே இருந்த நாட்காட்டியையும் ஒரு தடவை பார்த்துக் காட்டினேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு அன்பாகச் சொன்னார்:

"ஆத்துல கொலு வெச்சிருக்கா ஓய். நீரும் உம்ம ஆத்துக்காரியும் ஒருநாள் வந்து சுண்டல் வாங்கிண்டு போங்கோ. ஆத்தங்கரைக்கு தீபாவளி கழிச்சு நிதானமாப் போய்க்கலாம்."

கிணற்றடியில் ஒரு ஆறு

என் மனைவி அப்போது இருந்தாள். மேற்கு மாம்பலத்தில், சந்துக்குள் சந்தில், கிணறு உள்ள ஒரு போர்ஷன். படித்துத் தெரிந்துகொண்டவனுக்குத் தன் கணக்கின்மேல் ஒரு நம்பிக்கை இருக்கும். பார்த்துத் தெரிந்துகொண்டவனுக்கு அது கிடையாது; கண்ணால் பார்த்தால்தான் தூக்கம் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் மண்ணைக் குழைத்து ஒரு சின்ன ஆறு செய்தேன். ஒரு கரையில் கூழாங்கற்களைக் குவித்தேன். எதிர்க்கரையில் குடிசைகளுக்குப் பதிலாகத் தீப்பெட்டிகளை வரிசையாக வைத்தேன். துவைக்க அவள் இறைத்து வைத்திருந்த தண்ணீரை வாளி வாளியாக மேலேயிருந்து ஊற்றினேன். தீப்பெட்டிகள் மிதந்து துவைக்கிற கல் வரைக்கும் போயின. கூழாங்கல் குவியலின் நடுவில் விரலால் ஒரு வழி வெட்டிவிட்டு ஊற்றினேன். இந்தத் தடவை தீப்பெட்டிகள் நனைந்தன, ஆனால் நின்றன.

வழியை இன்னும் கொஞ்சம் அகலமாக்கி, கொஞ்சம் இடம் மாற்றி, திரும்பத் திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தேன். துவைக்கத் துணியோடு வந்தவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். எங்கள் கிணற்றில் தண்ணீர் எந்த ஆழத்தில் இருந்தது என்பது இறைக்கிறவளுக்குத்தான் தெரியும்.

"கல்லைப் போட்டா தண்ணி அந்தப் பக்கம் போகும்னு உங்க ஆபீஸ்ல எழுதிக் குடுக்க, நான் இன்னும் எத்தனை வாளி இறைக்கணும்னு சொல்லிடுங்க. அப்புறம் துணி துவைக்கிறேன்."

கோலம்

இந்தத் தொழிலில் என்னை மிகவும் எரிச்சல்படுத்திய விஷயத்துக்கு இப்போது வருகிறேன். நாங்கள் சுண்ணாம்பு தெளிப்பதற்கு முன்னால், அந்தப் பெரிய குவியலிலிருந்து வாரத்தில் சில லாரிச் சரளையாவது சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. தெளித்த பிறகு அண்ணாச்சி அதைத் தொடவில்லை. அரசாங்கக் கோட்டை அழித்த வம்பு நமக்கு எதற்கு என்று லாரிகளைத் திருப்பி அனுப்பினார். ஆனால் சலிக்கிற வேலை நிற்கவில்லை. புதிதாக வந்த சரளையை எங்கே போடுவது? அளந்த குவியல்மேல் போடக் கூடாது. அதன் பக்கத்திலேயே, ஆற்றை இன்னும் கொஞ்சம் நெருங்கி, புதுக் குவியல் போட்டார்கள். அதை அளக்கப் போனேன். அளந்தால் அதற்கும் சுண்ணாம்பு தெளித்தாக வேண்டும். தெளித்தால் அதையும் எடுக்கமாட்டார்கள்.

நான் அங்கேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். பவுனம்மா கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு நிலைமை எனக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது போலிருந்தது.

"நீ வர்றதுக்கு மின்னாடி இது தேஞ்சிக்கினாவது இருந்துச்சு சார். நீ வந்து கோலம் போட்டதுலருந்து குட்டி போட்டுக்கினு கீது."

விடாத மழை

தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்தது. ஐப்பசி மழை அதிகாரிக்காகக் காத்திருக்கவில்லை. இரவெல்லாம் கொட்டிவிட்டு விடிந்தும் விடாமல் பெய்த ஒரு காலையில், குடையையும் கம்பையும் எடுத்துக்கொண்டு வடகரைக்குப் போனேன். ஏகாம்பரம் எனக்கு முன்னால் வந்து ஒரு புளியமரத்தடியில் சுண்ணாம்பு மூட்டையோடு நின்றிருந்தார். குவியல்கள்மேல் ஒரு வரிகூட மிச்சமில்லை. எல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. நனைந்த சரளையில் தெளித்தால் நிற்காது. வரி இல்லாவிட்டால் பழைய அளவு செல்லாது. மறுபடி அளக்கலாம் என்றால், ஈரம் காயாத குவியலை அளக்கக் கூடாது என்று எங்கள் விதியிலேயே இருக்கிறது. ஆக, அளக்காத குவியல். அளக்காத குவியல் களத்துக்காரருடையது. அதை அவர் என்ன செய்தாலும் நான் கேட்க முடியாது. தார்ப்பாய்க்குக் கீழே டீக் குடித்துக்கொண்டிருந்த அண்ணாச்சியிடம் இதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆறு ஏற ஆரம்பித்திருந்தது. சரளை முழுவதையும் அது அடித்துக்கொண்டு போய்விடுமோ என்று அவருக்கும் பயம் வந்திருந்தது. "ஆத்தோட போறதுக்கு ரோட்டோரம் கெடக்கட்டுமே," என்று எழுந்தார்.

லாரி சேற்றில் இறங்காது. கூடைதான். ஆற்றில் இறங்க முடியாததால் அன்று சலிக்கும் வேலை இல்லை. அண்ணாச்சி ஆள் அனுப்பினார். பவுனம்மாவும் தென்கரைப் பெண்களும் ஆண்களும் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். முழுக் குவியலையும் ஒரு நாளில் எடுக்க முடியாது. "எங்க வெட்டணும், அத மட்டும் சொல்லு," என்றாள் பவுனம்மா. கிணற்றடியில் விரலால் வெட்டிய வழி எனக்கு நன்றாக நினைவிருந்தது. பொட்டலில் தாழ்வான இடம் எது என்பது என் அளவில் இருந்தது. அதற்கு நேராகக் கம்பை நட்டேன். மண்வெட்டிகள் விழுந்தன. ஆட்கள் வரிசையாக நின்று கூடை மாற்றினார்கள். ஏகாம்பரம் சுண்ணாம்பு மூட்டையை மரத்தடியில் விட்டுவிட்டு வரிசையில் போய் நின்றுகொண்டார். என் கைக்கும் ஒரு கூடை வந்து சேர்ந்தது. இருட்டுவதற்குள் பெரிய குவியல் இரண்டாகப் பிளந்து நடுவில் ஒரு வண்டிப்பாதை அகலத்துக்கு வழி விழுந்தது. தண்ணீர் உங்கள் வாசல்படி வரைக்கும் வரும், அதற்கு மேல் வராது என்று பவுனம்மாவிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஆறு நிறைந்து போயிற்று. வெட்டிய வழியில் புகுந்து வடக்கே பொட்டல் முழுவதும் பரவிக் கிடந்தது. பாலத்தின்மேல் நின்று தென்கரையைப் பார்த்தேன். குடிசைகள் நின்றன. கோடியில் இருந்த ஒன்றுக்கு மட்டும் ஒரு பக்கத்து மண்சுவர் கரைந்திருந்தது. ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் கரைக்கு இறங்கிப் போனேன். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். பவுனம்மா வீட்டுக்குள்ளிருந்து ஒரு தகரத்தால் சேற்றை வழித்து வாசலில் கொட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தகரத்தைக் கீழே வைத்தாள்.

"வாசப்படின்னு சொன்னியே சார், அடுப்பாண்ட வரிக்கும் வந்துட்டுப் போயிருக்குது. ஊரயே அளந்துக்கினு இருந்தியே, இன்னாதான் அளந்த நீ?"

சரிபார்ப்பு

தீபாவளி கழிந்து, சொன்ன வாக்குத் தவறாமல் மேலதிகாரி வந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பொட்டல் முழுவதும் நடந்தார். பெரிய குவியலில் வெள்ளம் அரித்துக்கொண்டு போனது போக மீதியை அண்ணாச்சி சாலையோரத்துக்கு ஏற்றிவிட்டிருந்தார். குவியல் இருந்த இடத்தில் சேறும் ஒரு அறுந்த செருப்பும் கிடந்தன. நடந்ததை எல்லாம் நான் வரிசையாகச் சொன்னேன். குடிசைகள் தப்பியதில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். "பகவான் காப்பாத்தினார்," என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு கையில் இருந்த என் பழைய அளவுகளைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார், மறுபடி அளவுகளைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"இல்லாத குவியலை நான் எப்படி ஓய் சரிபார்க்கிறது? அவா கிட்டச் சொல்லி முன்னே இருந்தாப்பலே குமிக்கச் சொல்லும். நான் ஒரு தரம் பார்த்துட்டேன்னா அப்புறம் பேஷா எடுத்துக்கட்டும்."

என் சர்வீஸ் முழுவதும் எத்தனையோ இடங்களை அளந்திருக்கிறேன், ஆனால் என்னால் ஊருக்கு நல்லது நடந்தது என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடியது, அளக்க முடியாமல் போன அந்த ஒரு நாள்தான்.